தரைக்கடியில் எரியும் தீ: தென்கிழக்காசியப் புகைமூட்டம், ஒரு விளக்கம்

ஜூன் தொடங்கி அக்டோபர் வரை எந்த வாரத்திலும் சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் வானம் சாம்பல் பூத்துவிடலாம். ஒவ்வொரு முறையும் மக்கள் கேட்கும் கேள்விகள் ஒன்றேதான். தீ இந்தோனேசியாவின் சுமத்ராவில் எரிகிறது, நமக்கு ஏன் மூச்சு முட்டுகிறது? நேற்று அடித்த மழையில் அது ஏன் அணையவில்லை? கைப்பேசிச் செயலி 150 காட்டுகிறது, அரசாங்க இணையத்தளம் 100 காட்டுகிறது, எதை நம்புவது? ஜன்னலைச் சாத்திவிட்டால் போதுமா?

முதல் இரண்டுக்கும் விடை மண்ணில் இருக்கிறது. அடுத்த இரண்டுக்கும் கொஞ்சம் கணக்குப் போட்டால் போதும்.

எரிவது மரம் மட்டுமில்லை, நிலமும்

சுமத்ராவில் ரியாவ், ஜாம்பி, தென் சுமத்ரா. போர்னியோவில் மத்திய கலிமந்தான். இந்தப் பகுதிகளின் தாழ்நிலங்களில் பெரும்பரப்பு பீட் நிலம். உதிர்ந்த இலையும் முறிந்த கிளையும் செத்த வேரும் நீரில் ஊறிக் கிடந்து, ஆக்சிஜன் கிடைக்காததால் முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்த பழுப்புச் சேறுதான் பீட். நிலக்கரி உருவாவதில் இது முதல் படி. சில இடங்களில் 10 மீட்டருக்கு மேல் ஆழம் போகும். இயற்கை நிலையில் அதன் எடையில் சுமார் 90 விழுக்காடு தண்ணீர். தீப்பந்தத்தையே எறிந்தாலும் அது பற்றாது.

அதைப் பற்றும் பொருளாக மாற்றுவது கால்வாய். செம்பனையோ, காகிதக் கூழுக்கான அக்கேசியாவோ நட வேண்டுமென்றால் நீரை வடித்தாக வேண்டும். வடித்த பீட் காய்கிறது, சுருங்குகிறது, ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வீதம் தாழ்ந்துகொண்டே போகிறது. காய்ந்த மேல் அடுக்கு ஒருமுறை நன்றாக உலர்ந்துவிட்டால் மறுபடி தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. தூறல் விழுந்தால் மேலோடு வழிந்து ஓடிவிடும்.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் மத்திய கலிமந்தானில் நடந்தது. 1995-இல் இந்தோனேசிய அதிபர் சுஹார்த்தோவின் அரசு அங்கே பத்து லட்சம் ஹெக்டர் சதுப்புக்காட்டை நெல்வயலாக்கப் புறப்பட்டது. 4,000 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டினார்கள். நெல் விளையவில்லை. சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது, ஆனால் கால்வாய்கள் தண்ணீரை வடித்துக்கொண்டே இருந்தன. 1997-இல் இப்பகுதியில் மழையைக் குறைக்கும் எல் நினோ வானிலை வந்தபோது அந்த நிலம் எரிந்தது. இந்தோனேசியாவின் பீட் நிலங்களும் காடுகளும் அந்த ஓராண்டில் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை கார்பனைக் காற்றில் கலந்திருக்கலாம் என்று 2002-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு கணித்தது.

சரி, தீ வைப்பது ஏன்? சோம்பேறித்தனம் என்று எழுதிவிட்டுப் போவது எளிது, கணக்கு வேறு.

1. இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒரு ஹெக்டரைத் துப்புரவாக்க ஆகும் செலவில் மிகச் சிறு பங்குதான் தீயால் துப்புரவாக்கும் செலவு.

2. பீட் கடும் அமிலத்தன்மை கொண்டது. சாம்பல் அந்த அமிலத்தைக் குறைக்கும், கொஞ்சம் பொட்டாசியமும் தரும். சிறு விவசாயிக்குச் சுண்ணாம்பும் உரமும் காசில்லாமல் கிடைத்த மாதிரி.

3. உரிமை தெளிவில்லாத நிலத்தில், எரித்து வெறுமையாக்கியவர் 'இது என் நிலம்' என்று சொல்லிக்கொள்ள வழி பிறக்கிறது. தகராறில் ஒருவர் பயிரை இன்னொருவர் கொளுத்துவதும் உண்டு.

மழையிலும் அணையாதது ஏன்

காட்டுத் தீ என்றதும் மனத்தில் எழுவது கொழுந்துவிட்டு எரியும் சுவாலை. பீட்டில் நடப்பது கனல். சுவாலை இல்லாமல், குறைந்த ஆக்சிஜனில், குறைந்த வெப்பத்தில், மண்ணுக்குள் மணிக்குச் சில சென்டிமீட்டர் வீதம் ஊர்ந்து போகும் தீ அது. இங்கேதான் புகையின் அளவும் தீர்மானமாகிறது. சுவாலையில் எரிபொருளின் பெரும்பகுதி முழுதாக எரிந்து கரியமில வாயுவாகிவிடும். கனலில் அரைகுறையாக எரிவதால் ஒரே எடையுள்ள பொருளிலிருந்து நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் பல மடங்கு அதிகமாக வெளிவரும். சூடு குறைவு என்பதால் புகை உயரே எழும்பாது. தரையை ஒட்டியே தவழ்ந்து ஊருக்குள் நுழையும்.

அணைப்பதில் என்னென்ன தவறிப்போகிறது என்று பார்த்தால், ஹெலிகாப்டரிலிருந்து கொட்டும் தண்ணீரில் தொடங்க வேண்டும். படம் எடுக்க அது அருமையான காட்சி. மேற்பரப்புச் சுவாலை அடங்கும், ஆனால் அரை மீட்டர் ஆழத்தில் இருக்கும் கனலை அந்தத் தண்ணீர் எட்டாது. அதற்குக் கூர்மையான துளைக்குழாயை மண்ணில் செருகி, பீட் கூழாகிற வரை தண்ணீரை உள்ளே செலுத்த வேண்டும். இந்தோனேசிய வனத்துறையின் மங்காலா அக்னி தீயணைப்புப் படையினர் இப்படித்தான் அடி அடியாக முன்னேறுகிறார்கள். கால்வாயே வறண்டு கிடந்தால் குழாயில் ஏற்றத் தண்ணீர் ஏது? வேர்களும் எரிந்துபோயிருப்பதால் மரங்கள் திடீரெனச் சாயும். வெளியே சாதாரணத் தரை போலத் தெரியும் இடத்தில் கால் வைத்தால் உள்ளே தணல் குழி.

செயற்கை மழைக்காக விமானத்திலிருந்து உப்பு தூவுவதும் ஆண்டுதோறும் நடக்கிறது. உப்புக்கு மேகத்தை உண்டாக்கும் சக்தி கிடையாது. ஏற்கெனவே ஈரம் சுமந்த மேகம் இருந்தால்தான் பலன். கடும் வறட்சியில், அதாவது மிகத் தேவைப்படும் வாரங்களில், அந்த மேகம்தான் இருப்பதில்லை.

செய்திகளில் வரும் 'தீப்புள்ளி' எண்ணிக்கையையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் ஒரு நாளில் சில முறைதான் கடந்து போகிறது. மேகமோ அடர்ந்த புகையோ மறைத்தால் தீ தெரியாது. மண்ணுக்குள் இருக்கும் கனலின் வெப்பம் பல நேரம் கருவியின் கண்ணில் படாது. நேற்று 200 புள்ளி, இன்று 40 புள்ளி என்றால் தீ குறைந்திருக்கலாம். மேகம் கூடியும் இருக்கலாம்.

காற்று கொண்டுவரும் வழி

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே காற்று தென்கிழக்கிலிருந்து வீசி, கோட்டைத் தாண்டியதும் தென்மேற்காகத் திரும்புகிறது. தென் சுமத்ராவின் புகை சிங்கப்பூருக்கும் ஜோகூருக்கும், ரியாவின் புகை மலாக்கா, சிலாங்கூர் பக்கம் வருவதும் இந்த வளைவால்தான். சில பாகை திசை மாறினால் ஒரே இரவில் ஊர் மாறும். எல் நினோவோ, இந்தியப் பெருங்கடலின் இருமுனை நிலை நேர்மறையாக இருப்பதோ (கடலின் மேற்குப் பகுதி கிழக்கைவிட வெதுவெதுப்பாக இருப்பது) வறட்சியை நீட்டும். 1997, 2015, 2019 ஆகிய மூன்றும் அத்தகைய ஆண்டுகள்.

ஆனால் வறட்சி ஆண்டில்தான் ஆபத்து என்று நினைப்பது தவறு. 2013 எல் நினோ ஆண்டே இல்லை. ஜூன் மாதத்தில் ரியாவில் சில வாரங்கள் மழை தவறியது, அவ்வளவுதான். எரிந்த நிலத்தில் பெரும்பகுதி பீட். ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்று மாசுக் குறியீடான பிஎஸ்ஐ, மூன்று மணி நேரக் கணக்கில் 401-ஐத் தொட்டது. இரண்டு நாள் கழித்து மலேசியாவின் மூவாரில் அந்நாட்டுக் காற்று மாசுக் குறியீடான ஏபிஐ 746 ஆனது, அங்கே அவசரநிலை அறிவித்தார்கள்.

புகைக்குள் இருப்பதும் உடல் படும் பாடும்

அதிகம் கவலைப்பட வேண்டியது பிஎம் 2.5. விட்டம் 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவான துகள். மூக்கு ரோமமும் தொண்டைச் சளியும் பெரிய தூசியைப் பிடித்துவிடும். இது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும், மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கும். உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு அழற்சியால் பதில் சொல்கிறது. ஆஸ்துமா தூண்டப்படுவது வெளியே தெரியும் விளைவு. இரத்தம் உறையும் தன்மையும் இரத்தக் குழாயின் இறுக்கமும் மாறுவதால் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது அவ்வளவாகத் தெரியாத விளைவு. புகை நாள்களில் நெஞ்சுவலியை 'புகைதானே' என்று தள்ளிவிடக் கூடாது என்பது அதனால்தான்.

கண் எரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் பெரும்பாலும் அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களின் வேலை. எரிச்சல் இல்லை என்பதால் துகளும் இல்லை என்று எண்ண முடியாது. தொலைதூரம் வந்த பழைய புகையில் மணம் மங்கியிருக்கும், துகள் அப்படியே இருக்கும்.

எத்தனை துகள் உள்ளே போகிறது என்பது காற்றின் அடர்த்தியை மட்டும் பொறுத்ததல்ல. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். மெதுவோட்டம் ஓடுபவர் 50 லிட்டருக்கு மேல் இழுப்பார், அதுவும் வாய்வழியாக. அரை மணி ஓட்டத்தில் போவது, மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து சுவாசிப்பதைவிட அதிகம். கட்டுமானத் தளத்தில் மூட்டை சுமப்பவரின் நிலைமையும் இதேதான், அவருக்கு அது எட்டு மணி நேரம்.

கூடுதல் கவனம் வேண்டியவர்கள்: ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, இதய நோய் உள்ளவர்கள், முதியவர்கள், சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள். 1997 புகைக்குப் பிந்தைய இந்தோனேசிய மக்கள்தொகைக் கணக்கை ஆராய்ந்த ஒரு பொருளியல் ஆய்வு, கருவிலும் பிறந்த சிறிது காலத்திலும் 15,600 குழந்தைகள் இழக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. தடுப்பு இன்ஹேலர் எடுத்துக்கொள்பவர்கள் புகை வந்த பிறகு தொடங்கலாம் என்று இருக்கக் கூடாது. அந்த மருந்து வேலை செய்ய நாள்கள் பிடிக்கும். பருவம் தொடங்குமுன் மருத்துவரிடம் பேசி ஒழுங்காக்க வேண்டிய விஷயம்.

ஒரே காற்று, மூன்று எண்

குறியீடு என்பது அளவல்ல. ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் துகள் என்பதுதான் அளவு. அதை 0-இல் தொடங்கும் ஓர் ஏணியில் எந்தப் படியில் வைப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்கிறது. காற்றில் 55 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. சிங்கப்பூரின் பிஎஸ்ஐ ஏணியில் அது 100: 'மிதமான' நிலையின் மேல் விளிம்பு.

2. அமெரிக்க ஏணியில், 2024-இல் திருத்திய படிகளின்படி, ஏறக்குறைய 150. எளிதில் பாதிக்கப்படுபவர்களுக்கு ஆரோக்கியமற்றது.

3. இந்திய ஏணியில் ஏறத்தாழ 90. 'திருப்திகரம்'.

பெரும்பாலான கைப்பேசிச் செயலிகள் அமெரிக்க ஏணியைத்தான் காட்டுகின்றன. யாரும் பொய் சொல்லவில்லை, படிதான் வேறு. ஒப்பிட வேண்டுமென்றால் மைக்ரோகிராம் அளவைத் தேடுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த 24 மணி நேர அளவு 15 மைக்ரோகிராம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம் நேர சராசரியில் இருக்கிறது. பிஎஸ்ஐ கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. ஒரு கணக்கு போடலாம். முந்தைய நாள் முழுக்கக் காற்றில் 20 மைக்ரோகிராம். நள்ளிரவில் புகை நுழைந்து, காலை 8 மணி வரை 200 மைக்ரோகிராமில் நின்று, பிறகு பழையபடி 20-க்கு இறங்குகிறது.

- அதிகாலை 2 மணி: சராசரி 35. பிஎஸ்ஐ சுமார் 77, 'மிதம்'. வெளியே இருப்பதோ 200.
- காலை 8 மணி: சராசரி 80. பிஎஸ்ஐ சுமார் 126, 'ஆரோக்கியமற்றது'.
- நண்பகல் 12 மணி: சராசரி இன்னும் 80, பிஎஸ்ஐ இன்னும் 126. வெளியே காற்று நான்கு மணி நேரமாகத் தெளிந்திருக்கிறது.

புகை ஏறும்போது 24 மணி நேர எண் பிந்தி வருகிறது, இறங்கும்போது பிந்திப் போகிறது. நாளை பள்ளி விளையாட்டு விழாவை வைப்பதா என்று திட்டமிட அது உதவும். இப்போது ஓடப் போகலாமா என்பதற்கு உதவாது. அதற்குச் சிங்கப்பூரின் தேசிய சுற்றுப்புற வாரியம் வெளியிடும் ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவைப் பார்க்க வேண்டும்: 55 வரை வழக்கமான நிலை, 56 முதல் 150 வரை கூடுதல், 151 முதல் 250 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம்.

வீட்டு ஜன்னலோரம் வைக்கும் மலிவான உணர்கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை ஒளிச்சிதறலை வைத்துத் துகளை எண்ணுபவை. காற்றில் ஈரம் கூடினால் துகள் நீரில் உப்பி, எண் வீங்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் இது சாதாரணம். ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க நம்பலாம். துல்லியத்துக்கு அல்ல.

ஜன்னலைச் சாத்திய பிறகு

4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரம் உள்ள படுக்கையறை: சுமார் 31 கன மீட்டர். ஜன்னலையும் கதவையும் சாத்தினாலும் இடுக்குகள் வழியே மணிக்கு ஒரு முறை அறைக் காற்று முழுதும் மாறுகிறது என்று கொள்வோம். துகளில் சிறு பங்கு தானாகத் தரையில் படியும், அதை மணிக்கு 0.2 என்று வைக்கலாம். அறைக்குள் கடைசியில் நிலைக்கும் அளவு இப்படி வரும்: வெளி அளவை நுழையும் வீதத்தால் பெருக்கி, நுழையும் வீதம், படியும் வீதம், காற்றுச் சுத்திகரிப்பான் துகளை நீக்கும் வீதம் மூன்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

வெளியே 200 மைக்ரோகிராம் என்றால்:

1. ஜன்னல் சாத்தியது மட்டும்: உள்ளே 167. முதல் அரை மணி நேரம் உள்ளே குறைவாக இருக்கும், சில மணி நேரத்தில் வெளியும் உள்ளும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும்.

2. மணிக்கு 5 முறை அறைக் காற்றை வடிக்கும் சுத்திகரிப்பான் சேர்ந்தால்: உள்ளே 32. அரை மணி நேரத்தில் இந்த நிலை வந்துவிடும்.

3. அதே சுத்திகரிப்பான், ஆனால் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய பழைய ஜன்னல். மணிக்கு 3 முறை காற்று நுழைகிறது: உள்ளே 73.

முதல் வரிக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம் சுத்திகரிப்பான். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம் சில வெள்ளிக்கு வாங்கும் ஒட்டுநாடா. வீடு முழுவதையும் காக்க முயல வேண்டாம். ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, இடுக்கை அடைத்து, குடும்பம் அங்கே தூங்கட்டும்.

சுத்திகரிப்பான் வாங்கும்போது பார்க்க வேண்டியது பெட்டியில் அச்சிட்ட தூய காற்று வெளியீட்டு வீதம். மேலே சொன்ன அறைக்கு மணிக்கு 160 கன மீட்டராவது வேண்டும். கன அடி நிமிடக் கணக்கில் போட்டிருந்தால் 1.7-ஆல் பெருக்கினால் கன மீட்டர் மணிக் கணக்கு வரும். அந்த எண் உச்ச வேகத்துக்கானது. சத்தமாக இருக்கிறதென்று தூக்க நிலையில் வைத்தால் அதில் சிறு பங்குதான் கிடைக்கும். ஆகவே ஒரு அளவு பெரியதாக வாங்கி நடு வேகத்தில் ஓட்டுவது மேல். ஹெபா வடிகட்டி 0.3 மைக்ரோமீட்டர் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும், ஆனால் வாயுவைப் பிடிக்காது. ஓசோன் உமிழும் கருவிகளைத் தொடவே வேண்டாம், ஓசோன் தானே நுரையீரலை எரிச்சலூட்டும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள் சில:

- ஏர்கான் போட்டால் காற்று சுத்தமாகும் என்ற நம்பிக்கை. வீடுகளில் இருக்கும் பிளவு வகை ஏர்கான் உள்காற்றையே சுழற்றுகிறது. அதன் வலை தூசியையும் முடியையும்தான் பிடிக்கும். ஆனாலும் ஒரு உதவி உண்டு: வெக்கையில் ஜன்னலைத் திறக்காமல் இருக்க முடிகிறது.
- அறைக்குள்ளேயே புகை போடுவது. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் பிஎம் 2.5, 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. ஊதுபத்தி, சாம்பிராணி, மீன் வறுவல் எல்லாம் இதே கணக்கில் சேரும். புகைமூட்டம் தீபாவளி வரை நீண்டால் மத்தாப்பும் சேரும்.
- வெளியே தெளிந்த பிறகும் ஜன்னலைத் திறக்காமலிருப்பது. பிஎஸ்ஐ 126 என்று காட்டுவதைப் பார்த்துப் பூட்டியே வைத்தால், இரவில் புகுந்த புகையும் நாம் விட்ட மூச்சும் உள்ளேயே அடைந்து கிடக்கும். ஒரு மணி நேர அளவு இறங்கியதும் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும்.
- முதியவர்களைக் காற்றில்லாத சூட்டு அறையில் அடைப்பது. ஏர்கானும் இல்லை, விசிறியும் போதவில்லை என்றால், வெப்பத்தால் வரும் ஆபத்து புகையின் ஆபத்தை மிஞ்சிவிடலாம். அவர்களைப் பகலில் நூலகம், கடைத்தொகுதி போன்ற குளிரூட்டிய இடத்துக்கு அழைத்துப் போவது நல்லது.

முகக்கவசம்

அறுவைச் சிகிச்சைக் கவசம் எச்சில் தெறிப்பைத் தடுக்க உருவானது. பக்கவாட்டு இடைவெளி வழியே புகை தாராளமாக நுழையும். துணிக் கவசத்தால் பயனில்லை. என்95 துகளில் குறைந்தது 95 விழுக்காட்டை வடிகட்டும், முகத்தோடு ஒட்டி இருந்தால் மட்டும். இரண்டு பட்டைகளில் ஒன்று உச்சந்தலைக்குப் பின்னும் மற்றொன்று பிடரியிலும் இருக்க வேண்டும். மூக்குக் கம்பியை இரு கை விரலாலும் அழுத்திவிட்டு, இரு உள்ளங்கையால் மூடி வேகமாக ஊதிப் பாருங்கள்; கண்ணுக்கடியில் காற்று பட்டால் சரியாகப் பொருந்தவில்லை. தாடி இருந்தால் பொருந்தவே பொருந்தாது. பெரியவர்களின் கவசம் குழந்தை முகத்தில் நிற்காது. நனைந்தாலோ, பட்டை தளர்ந்தாலோ, மூச்சிழுக்கக் கனத்தாலோ மாற்ற வேண்டும். பேருந்து நிறுத்தம் வரை நடக்க இது தேவையில்லை. மணிக்கணக்கில் வெளியே நிற்க வேண்டியவர்களுக்குத் தேவை. மூச்சிழுக்கும் சிரமத்தை அது கூட்டும் என்பதால் இதய, நுரையீரல் நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இறப்பு எண்ணிக்கைகள் ஏன் எட்டு மடங்கு வேறுபடுகின்றன

2015-இல் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டர் எரிந்தது. அடுத்த ஆண்டு இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளிலும் சேர்த்து 1,00,300 கூடுதல் இறப்பு என்றது. மற்றொன்று 11,880 என்றது. இரண்டில் ஒன்று புரட்டு என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. உண்மையில் இரண்டும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. சிறிய எண், குறுகிய கால வெளிப்பாட்டால் நேரும் இறப்பு பற்றியது. பெரிய எண், அந்தப் புகையால் ஆண்டு சராசரி எவ்வளவு உயர்ந்தது என்று பார்த்து, நீண்டகால விளைவைச் சேர்த்தது. இரண்டும் கணினி மாதிரிகளைக் கொண்டு போட்ட மதிப்பீடுகள். இறப்புச் சான்றிதழ்களை எண்ணி வந்தவை அல்ல. எந்தச் சான்றிதழிலும் 'புகைமூட்டம்' என்று எழுதப்படுவதில்லை. அதை வைத்துக்கொண்டு எங்கள் நாட்டில் யாரும் சாகவில்லை என்று சொல்வதும் சரியாகாது.

நிறுத்த முடியுமா: சட்டமும் தண்ணீரும்

எல்லை தாண்டும் புகை குறித்த ஆசியான் ஒப்பந்தம் 2002-இல் கையெழுத்தானது, அடுத்த ஆண்டு நடப்புக்கு வந்தது. இந்தோனேசியா அதை ஏற்றது 2014-இல். அதே ஆண்டு சிங்கப்பூர் தனிச் சட்டம் இயற்றியது: புகைக்குக் காரணமான நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் வெள்ளி, மொத்தம் 20 லட்சம் வெள்ளி வரை அபராதம். தீ எரிந்த நிலம் யாருடையது என்று காட்டும் வரைபடங்கள் ஒன்றோடொன்று முரண்படுவதால் நிரூபிப்பது கடினம். இந்தோனேசியாவின் 2009-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டமோ, உள்ளூர் மரபுப்படி குடும்பத்துக்கு இரண்டு ஹெக்டர் வரை எரிக்க விலக்கு அளிக்கிறது. பீட் அல்லாத சாதாரணக் கனிம மண்ணில் நியாயமான விலக்கு. வடிந்த பீட்டில் இரண்டு ஹெக்டர் தீ இரண்டு ஹெக்டரோடு நிற்காது.

என் கணிப்பில் அபராதத்தைவிட முக்கியமான எண் 40 சென்டிமீட்டர். பயன்பாட்டில் உள்ள பீட் நிலத்தில் நிலத்தடி நீர் மேற்பரப்பிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது இந்தோனேசிய அரசு விதி. அதற்குக் கீழே போனால் தீ அபாயம் சட்டென ஏறுகிறது. அதற்காக 40 என்பது பத்திரமான அளவு என்று பொருளில்லை. அந்த மட்டத்திலும் நிலம் தாழ்ந்துகொண்டும் கார்பன் கசிந்துகொண்டும்தான் இருக்கும். நீடித்த வறட்சியில் நீர்மட்டம் ஒரு மீட்டருக்கும் கீழே போய்விடும்.

நீரை உயர்த்தும் வழி, வெட்டிய கால்வாய்களை அடைப்பது. 2016-இல் இதற்கென்றே ஒரு பீட் மீட்பு முகமை அமைக்கப்பட்டது. அடைப்பது எளிய வேலை போலத் தோன்றும், ஆனால் பீட்டின் மேல் கட்டும் எதற்கும் அடியில் உறுதியான தரை இல்லை. ஒரே பெரிய தடுப்பாகக் கட்டினால் தண்ணீர் அடியிலும் பக்கத்திலும் அரித்துப் புது வழி கண்டுவிடும். அதனால் சிறு சிறு தடுப்புகளை வரிசையாக வைத்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நீர்மட்ட வேறுபாடு குறைவாக இருக்கும்படி பார்க்க வேண்டும். மேலே வழிந்தோட ஓர் இடைவெளி விட வேண்டும். படகில் போய்வரும் ஊராருக்கு வழி விடாமல் அடைத்தால் ஒரு வாரத்தில் யாராவது உடைத்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இதெல்லாம் சுமத்ராவின் சிக்கல் என்று மலேசியர்கள் ஒதுங்க முடியாது. கிள்ளானுக்கு அருகிலுள்ள ஜோஹான் செத்தியாவில் காய்கறித் தோட்டங்களுக்கு அடியில் இருப்பதும் பீட்தான். சுற்றுவட்டாரம் முழுக்கக் காற்று நன்றாக இருக்கும் நாளிலும் அங்கே மட்டும் குறியீடு மூன்று இலக்கத்தைத் தொட்டதுண்டு. சரவாக்கில் மீரி பக்கமும் அப்படியே. மலேசியச் சுற்றுச்சூழல் துறை இத்தகைய இடங்களில் குழாய்க் கிணறு தோண்டியும் கால்வாய்த் தடுப்பு கட்டியும் நீர்மட்டத்தை உயர்த்தப் பார்க்கிறது. தடுப்பு எப்போது கட்டப்படுகிறது என்பதில் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. ஏப்ரல், மே மழையின்போது கால்வாய் அடைபட்டிருந்தால் ஆகஸ்டில் மண்ணுக்குள் ஈரம் இருக்கும். ஜூலையில் புகையைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் அடைத்தால், தேக்கி வைக்கக் கால்வாயில் தண்ணீர் இருக்காது.